மீனுக்கு வைத்த பொட்டு

சென்ற ஆண்டு ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டு வாசலில் நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் தம்பி மகன் அமெரிக்காவில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். இப்போது பெங்களூரில் இருக்கிறான். பண்டிகை, விடுமுறை என்றால் காரை எடுத்துக்கொண்டு தருமபுரிக்கு வந்துவிடுவான். அந்தக் காரின் பின்பக்கம், டிக்கிக் கதவில், வெள்ளி நிறத்தில் ஒரு மீன் ஒட்டியிருக்கிறான். விரல் நீளம்தான் இருக்கும். மீனுக்கு அடியில் இரண்டு கால்கள். வயிற்றுக்குள் ஆங்கில எழுத்தில் டார்வின் என்று எழுதியிருக்கும்.

பூஜையன்று தம்பி மனைவி காரின் முன்கண்ணாடிக்கும் நான்கு சக்கரங்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே பின்னால் வந்தார். மீனைப் பார்த்தார். அதன் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தார். பூசணிக்காய் சுற்றி உடைக்க வந்த பக்கத்து வீட்டு டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு, "மச்ச அவதாரம்ங்களா? கால் வெச்சு புதுசா இருக்குதுங்களே, எங்க கிடைக்குதுங்க?" என்று கேட்டார்.

தம்பி மகனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "பெரியப்பா, இதே மீனை அங்கே ஒட்டியிருந்தப்போ யாரோ பிய்ச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க. இங்கே பொட்டு வைக்கிறாங்க!" என்றான்.

எல்லோரும் சிரித்தோம். பொரி, கடலை கொடுத்து பூஜையை முடித்தோம். ஆனால் முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பொட்டு எனக்குள் ஏதோ செய்தது. பிய்த்துப் போட்டவனும் சரி, பொட்டு வைத்தவரும் சரி, அந்த மீன் சொல்ல வந்ததைக் கேட்டார்களா? இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மீனின் கதையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆதிக் கிறிஸ்தவர்களுக்கு மீன் ஒரு புனிதச் சின்னம். கிரேக்க மொழியில் மீனுக்கு 'இக்தூஸ்' என்று பெயர். அதில் உள்ள ஐந்து எழுத்துகளையும் 'இயேசு கிறிஸ்து, கடவுளின் மகன், மீட்பர்' என்பதன் முதலெழுத்துகளாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வளைகோடு போட்டால் மீன் வந்துவிடும். 1970-களில் இருந்து அமெரிக்காவில் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் இந்த மீனைக் காரின் பின்னால் ஒட்ட ஆரம்பித்தார்கள். நம் ஊரில் 'முருகன் துணை' என்றும் '786' என்றும் 'இயேசு ஜீவிக்கிறார்' என்றும் வண்டியில் எழுதிக்கொள்வதைப் போலத்தான்.

1980-களில் கலிஃபோர்னியாவில் கடவுள் மறுப்பாளர்கள் சிலர் அதே மீனுக்குக் கால் வரைந்து, உள்ளே டார்வின் பெயரையும் எழுதிவிட்டார்கள். நீரில் இருந்த உயிர் நிலத்துக்கு ஏறியது என்ற பரிணாமக் கருத்துதான் அந்தக் கால். பிறகு அது பிளாஸ்டிக்கில் அச்சாகி கடைகளில் விற்பனைக்கு வந்தது. கிறிஸ்தவர்கள் சும்மா இருப்பார்களா? 'சத்தியம்' என்று எழுதிய ஒரு பெரிய மீன் டார்வின் மீனை விழுங்குவது போல ஒரு சின்னம் செய்து ஒட்டினார்கள். மறு தரப்பு அதற்கும் பதில் மீன் செய்தது. இப்படிக் காருக்குக் கார் மீன்கள் சண்டை போட்டுக்கொண்டன. இந்தச் சண்டையில் பரிணாமத்தைப் புதிதாகப் புரிந்துகொண்டவர் ஒருவராவது இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

இனி நம் பக்கம் வருவோம். இங்கே யாரும் மீனைப் பிய்க்கவில்லை. நம் ஜனங்கள் பரந்த மனசுக்காரர்கள் என்று நாம் பெருமைப்படலாம். "நம்ம தசாவதாரத்தில் இல்லாததையா டார்வின் சொல்லிட்டார்? முதலில் மீன், அப்புறம் ஆமை, அப்புறம் பன்றி, பாதி மிருகம் பாதி மனுஷன், குள்ளன், அப்புறம் முழு மனுஷன். எல்லாம் நம்ம பெரியவங்க சொன்னதுதான்" என்ற பேச்சை நான் ஆசிரியர் அறையிலேயே நூறு தடவை கேட்டிருக்கிறேன். இளமையில் நானே வகுப்பில் இப்படிச் சொல்லியிருக்கிறேன். பையன்களுக்குச் சட்டென்று பிடிபடும் என்று நினைத்தேன். அது தவறு என்று உணர எனக்குச் சில வருஷம் ஆயிற்று.

முதல் விஷயம், இந்த ஒப்பீடு நம் பெரியவர்கள் சொன்னதல்ல. டார்வினின் புத்தகம் வந்தது 1859-இல். அவதாரங்களையும் பரிணாமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ரஷ்யாவில் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையார். 1877-இல் தம் நூலில் எழுதினார். 1882-இல் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைக்கு இடம் வாங்கினார்களே, அந்தச் சபையை நிறுவியவர்களில் ஒருவர் அவர்தான். டார்வின் சொன்ன பிறகுதான் நம் அவதாரங்களில் அது இருப்பதாக நமக்குத் தெரிந்தது. முன்னால் தெரியவில்லை.

இரண்டாவது, அவதாரம் என்றால் இறங்கி வருதல். உலகைக் காக்க ஒரு நோக்கத்தோடு இறைவன் எடுக்கும் வடிவம். அதை நம்புகிறவர்களுக்கு அதில் ஆழமான பொருள் இருக்கிறது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் டார்வின் சொன்னது அதற்கு நேர் எதிரானது. யாரும் திட்டமிடவில்லை, மனிதனை நோக்கி எதுவும் நகரவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் சின்னச் சின்ன வேறுபாடுகளோடு குட்டிகள் பிறக்கின்றன, அந்த இடத்துக்குப் பொருந்தியவை அதிகம் பிழைத்துப் பெருகுகின்றன, அவ்வளவுதான். அது ஏணிப்படி அல்ல, கிளைவிட்ட மரம். ஒகேனக்கல்லில் மசாலா தடவி வறுத்துத் தருகிறார்களே, அந்த மீன் நம்மைவிடக் கீழ்ப்படியில் நிற்கும் உயிர் அல்ல. நமக்கும் அதற்கும் ஒரு பொது மூதாதை இருந்தது. அதிலிருந்து நாம் ஒரு பக்கம் போனோம், அது ஒரு பக்கம் போயிற்று.

கால் வைத்த மீன் என்பது வெறும் கேலிச் சித்திரமும் அல்ல. 2004-இல் கனடாவின் வடகோடியில் டிக்டாலிக் என்ற உயிரின் புதைபடிவத்தைக் கண்டெடுத்தார்கள். வயது சுமார் 37.5 கோடி ஆண்டுகள். செதிளும் துடுப்பும் உள்ள மீன்தான்; ஆனால் துடுப்புக்குள்ளே நம் கையில் இருப்பது போல மேற்கைக்கு ஒரு எலும்பு, முன்கைக்கு இரண்டு எலும்பு, அதற்குமேல் மணிக்கட்டு போன்ற சிறு எலும்புகள். இதைப் படித்த அன்று என் கையை நானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் 'அதெல்லாம் மச்ச அவதாரம்' என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுகிறோம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. புரிதலும் இல்லை.

அப்படியானால் கோபம்தான் நல்லதா என்று கேட்பீர்கள். கோபத்திலும் இரண்டு வகை இருக்கிறது. முதல் வகையை என் வகுப்பில் பார்த்தேன்.

1980-களில் அரூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பரிணாமப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "அப்போ எங்க தாத்தாவுக்குத் தாத்தா குரங்குங்களா சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. குரங்கும் நாமும் பங்காளிகள் மாதிரி, குரங்கு நமக்குத் தாத்தா இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "சாமி படைச்சதுன்னு எங்க அம்மா சொல்றாங்க. நீங்க சொல்றதை நான் எழுத மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டான். அரைப் பரீட்சையில் அந்தக் கேள்விக்குப் பதிலாக, ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று அரைப் பக்கம் எழுதியிருந்தான். மற்ற எல்லோரும் புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள்.

பேப்பரைத் திருத்தும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வகுப்பில் பாடம் புரிந்தது அவன் ஒருவனுக்குத்தான். பாடம் தன் நம்பிக்கையில் எந்த இடத்தில் கை வைக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கோபம் வந்தது. மற்றவர்களுக்குப் பரிணாமம் ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி. இன்றும் அவர்களில் சிலர் வண்டியில் ஆஞ்சநேயர் ஸ்டிக்கர் இருக்கிறது. தொப்பூர் கணவாயில் வண்டியை நிறுத்திக் குரங்குக்கு வாழைப்பழம் போடுகிறார்கள். குரங்கும் நாமும் உறவு என்றால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள். ஸ்டிக்கர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. காவி, கறுப்பு நிறங்களில் முறைத்துப் பார்க்கும் அனுமார் முகம் பெங்களூர் ரோட்டில் போகிற கார்களில் எல்லாம் இருக்கிறதே, அதை 2015-இல் வரைந்தவர் காசர்கோட்டைச் சேர்ந்த கரண் ஆச்சார்யா. வீரம் என்றார்கள் சிலர், ஏன் இந்தக் கோபம் என்றார்கள் சிலர். ஒரே சின்னத்தில் ஆளுக்கொன்று தெரிகிறது. மீனும் அப்படித்தான்.

இரண்டாவது வகைக் கோபம் அவமானத்தால் வருவது. அதற்கு நம் தமிழ்நாட்டில் உதாரணம் தேடி அலைய வேண்டாம். பெரியார் சிலைப் பீடங்களில் கடவுள் மறுப்பு வாசகம் பொறித்திருப்பது எல்லோருக்கும் தெரியும். 2006 டிசம்பரில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் அருகே வைத்திருந்த பெரியார் சிலை திறப்பு விழாவுக்கு முன்பே உடைக்கப்பட்டது. அந்தப் பீட வாசகங்களை நீக்க வேண்டும் என்று ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2019 செப்டம்பரில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. கடவுள் உண்டு என்று சொல்ல ஒருவருக்கு அரசியல் சட்டம் உரிமை தருகிறது என்றால், இல்லை என்று சொல்ல மற்றவருக்கும் அதே உரிமை உண்டு என்பதே அதன் சாரம்.

நான் தினமும் விளக்கேற்றுகிற வீட்டில் இருப்பவன். அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். அதே காரணத்தால், தம்பி மகன் அந்த மீனை ஒட்டிக்கொள்ளவும் முழு உரிமை உண்டு. பிய்த்துப் போட்டவன் செய்தது தப்பு. ஆனால் உரிமை இருக்கிறது என்பது வேறு, செய்ததால் என்ன பயன் என்பது வேறு. சிலைப் பீடத்து வாசகம் பிடிக்கிறதோ இல்லையோ, தன் கருத்தைத் தன் சொல்லில் நேராகச் சொல்கிறது. மீன் அப்படி இல்லை. அடுத்தவர் கும்பிடும் சின்னத்தை எடுத்து, அதற்குக் கால் வைத்துத் தன் பேரை எழுதிக்கொள்கிறது. அங்கே கேலி முந்திக்கொள்கிறது, அறிவியல் பின்னால் நின்றுவிடுகிறது.

இதை எனக்குப் புரியவைத்தவர் என்னோடு வேலை பார்த்த ஒரு தமிழாசிரியர். கத்தோலிக்கர். பூஜை முடிந்த வாரம் வீட்டுக்கு வந்தவர், காரின் பின்னால் நின்று அந்த மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எங்க மீன் இல்லைங்களா சார்?" என்றார். அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. வீட்டுப் பொருளை அடுத்தவர் கையில் பார்த்த மாதிரி ஒரு வருத்தம். பிறகு காபி குடித்துக்கொண்டே சொன்னார்: "பரிணாமத்தை எங்க சபை எப்பவோ ஒத்துக்கிச்சு சார். எனக்கு டார்வினோட சண்டையே இல்லை. இந்தக் கிண்டல்தான் ஏன்னு தெரியலை."

அவர் சொன்னது உண்மைதான். மனித உடலின் தோற்றம் பற்றிப் பரிணாம ஆய்வு நடத்தத் தடையில்லை என்று 1950-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் எழுதினார். 1996-இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமக் கொள்கை இப்போது வெறும் ஊகத்துக்கு மேலானது என்றார். ஆக, எங்கோ அமெரிக்காவில் பைபிளை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறவர்களை நோக்கி எறிந்த கல், தருமபுரியில் எந்தச் சண்டைக்கும் போகாத ஒரு மனிதர்மேல் விழுந்தது. இலக்கில்லாத கேலிக்கு இதுதான் கதி.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. 2018 ஜனவரியில் மத்திய மனிதவள இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறு, குரங்கு மனிதனாவதை யாரும் பார்த்ததில்லை என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. அதாவது பரவாயில்லை, வெளிப்படையான பேச்சு, வெளிப்படையான மறுப்பு. அதன் பிறகு மத்திய பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி., மாணவர்களின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டது. 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 'மரபு' என்று சுருங்கிவிட்டது. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்று பதில் வந்தது. பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிடும் பிள்ளைக்கு அது எப்படிக் கிடைக்கும்?

அந்தச் சமயத்தில் நம் ஊரில் யாராவது இதைப் பற்றிப் பேசினார்களா? மத்திய பாடத்திட்டத்தில் பேரப்பிள்ளைகளைப் படிக்கவைக்கும் என் நண்பர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது. காரில் விரல் நீள மீனைப் பார்த்துக் கேள்வி கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். புத்தகத்திலிருந்து ஒரு பாடம் போனதைக் கேட்க ஆள் இல்லை. 'எல்லாம் நம்ம அவதாரத்தில் இருக்கிறது' என்று தலையாட்டிப் பழகியதன் பலன் இது. இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று போனால் யாருக்கும் தெரியாது.

அப்படியானால் பரிணாமத்தை எப்படிச் சொல்வது? என்னிடம் கோபித்துக்கொண்ட அந்தப் பையனே எனக்கு வழி காட்டினான். பல வருஷம் கழித்து ஒரு சந்தையில் பார்த்தேன். ஆடு வளர்க்கிறான். சேலம் கருப்பு ஆடு. எந்தக் கிடாயை இனத்துக்கு விடுவது, எதை விற்பது என்று அவன் பேசப் பேச எனக்கு வியப்பாக இருந்தது. பால் நன்றாகக் குடுத்த தாயின் குட்டியா, நோய் தாங்குமா, கால் உறுதியாக இருக்கிறதா, இப்படிப் பார்த்துப் பார்த்து எடுக்கிறான். "டார்வினும் இங்கேதான்டா ஆரம்பிச்சார்" என்றேன். புறா வளர்ப்பவர்களோடு பழகி, தாமே புறா வளர்த்துப் பார்த்தவர் அவர். அவருடைய புத்தகத்தின் முதல் அத்தியாயமே வளர்ப்புப் பிராணிகளைப் பற்றியதுதான். பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாடு மலையேறி உழைக்கும் உடம்போடு வந்தது எப்படி? தலைமுறை தலைமுறையாக விவசாயி பொறுக்கி எடுத்ததால். விவசாயி செய்வதை மழையும் வறட்சியும் நோயும் கோடி வருஷம் செய்தால் என்ன ஆகும்? அதுதான் பாடம்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆட்டுக்கு நீங்க சொல்றது சரிங்க சார். மனுஷனுக்கு இன்னும் ஒத்துக்கலை" என்று சிரித்தான். எனக்கு அது போதும். பாதி வழி வந்திருக்கிறான், மீதியை அவன் பார்த்துக்கொள்வான். எந்தக் காரின் பின்னால் எந்த மீனைப் பார்த்திருந்தாலும் இந்தப் பாதி வழி வந்திருக்க மாட்டான்.

தம்பி மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். "எடுத்துடச் சொல்றீங்களா பெரியப்பா?" என்று கேட்டான். உன் கார், உன் இஷ்டம் என்றேன். ஆனால் அடுத்த முறை யாராவது மச்ச அவதாரமா என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போகாதே, பத்து நிமிஷம் நின்று பதில் சொல்லு. யாராவது வருத்தப்பட்டால் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசு. அதற்கு நேரம் இல்லை என்றால் எடுத்துவிடு என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மீன் இன்னும் அங்கேயே இருக்கிறது. போன வாரம் வந்தபோது பார்த்தேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது, குங்குமத்தின் கறை மட்டும் இருந்தது. டிரைவரிடம் அவன் பேசினானா என்று கேட்டேன். பேசினானாம். "மீனு கரைக்கு வந்துச்சுன்னு தம்பி சொல்றாருங்க சார். நெசங்களா?" என்று டிரைவர் என்னிடம் வந்து கேட்டார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லியிருக்கிறேன்.